நான் சொல்லாத ‘வேண்டாம்’

பிப்ரவரி 9

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் குடும்ப விசா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரர் தமது விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்’ என்று ஒரு வரி. விண்ணப்பதாரர் என்றால் நீ. சுண்டுவின் பெயர் உன் விண்ணப்பத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் எட்டு வயதுப் பிள்ளையும் உன்னோடு சேர்ந்து ‘திரும்பப் பெற்றுக்கொண்டாள்’.

என்னைப் போல லிஃப்ட் மெக்கானிக், வெல்டர், பெயிண்டர் வகையறாவுக்கெல்லாம் இந்த வருடத்திலிருந்து குடும்ப விசா கிடையாது என்று உனக்குத் தெரியும். முன்பே விண்ணப்பித்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் உண்டு. வரிசையை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. இதை நானே உனக்குப் போனில் சொன்னேன். ‘ம்’ என்றாய். அந்த ‘ம்’முக்கு இதுதான் அர்த்தம் என்று அப்போது விளங்கவில்லை.

லீவு முடிந்து நான் கிளம்பிய அன்று சமையலறையில் என்ன சொன்னாய்? “நான் வரலைங்க. நீங்க போங்க.” கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். எடுத்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

சுண்டுவின் அப்பா

*

பிப்ரவரி 19

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

நான் செய்யவில்லை. அந்த விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை.

உடனே விசா இணையதளத்துக்குள் போய்ப் பார்த்தேன். ‘பரிசீலனையில்’ என்று இத்தனை நாளாக இருந்த இடத்தில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு தேதி. அன்று மத்தியானம் நான் வீட்டில்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் கணக்கைத் திறந்தும் வைத்திருந்தேன். எதையும் மறைக்கவில்லை, பாருங்கள். ஆனால் நான் அதைச் செய்யவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கே புரியவில்லை. இப்படிப்பட்ட தளங்களைக் கட்டுவதும் ஓட்டை அடைப்பதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே புரியவில்லை என்றால் எவ்வளவு பயந்திருப்பேன் என்று யோசியுங்கள். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், கண்டுபிடித்து எழுதுகிறேன். தளத்தின் உதவி முகவரிக்கு ஒரு புகார் போட்டிருக்கிறேன். ‘உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம்’ என்று உடனே ஒரு பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் இல்லை.

சமையலறையில் அப்படிச் சொன்னது உண்மை. சொன்னவள் நான்தான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஒரே ஒரு தடவை போனை எடுங்கள். நான் வைக்க மாட்டேன்.

சுண்டுவின் அம்மா

*

மார்ச் 3

உனக்கு எழுதும் முன்பே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒரே பேச்சில் தீர்ப்பு எழுத நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

கவுண்டரில் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். “யாராவது பாஸ்வேர்டைத் திருடிட்டாங்களா மேடம்?” என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், வேறு யாருக்காக? “இல்லை சார். உங்க மனைவி வழக்கமா வர்ற அதே கம்ப்யூட்டர். அதே வீட்டு இணைப்பு. உள்ள வந்து பத்து நிமிஷம் இருந்திருக்காங்க. அதுக்குள்ள திரும்பப் பெற்றிருக்காங்க. வெளி ஆள் யாரும் வரலை” என்றார். அப்புறம் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா வேலை போய் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வை.

உன் கம்ப்யூட்டர், உன் வீடு, உன் கணக்கு, உட்கார்ந்திருந்ததும் நீ. செய்தது மட்டும் வேறு யாரோ. நல்ல கதை.

வெல்டரிடம் சொன்னேன். ஒரே அறையில் படுக்கிறவனிடம் எதை மறைப்பது? “விட்டுத் தள்ளுப்பா, வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம்” என்றான். அவன் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. அவனுக்குப் புரிவது எனக்குப் புரியக் கூடாதா?

சுண்டுவிடம் போன வாரம் பேசினேன். உன் அம்மா வீட்டில் இருந்தாளாம். அப்பா எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள். என்ன சொல்வது?

*

மார்ச் 16

சுண்டுவின் அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். நடுவில் எறிந்துவிடாதீர்கள்.

அன்று மத்தியானம் விசா தளத்தில் என் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன். அதை மூடாமல் திரையில் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலில் காத்திருப்போர் குழுவைத் திறந்தேன். நம்மைப் போல வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் இடம், உங்களுக்கும் தெரியும். ‘இந்த மாதம் யார் யாருக்கு அழைப்பு, முழுப் பட்டியல்’ என்று யாரோ ஒரு லிங்க் போட்டிருந்தார்கள். திறந்தேன். பட்டியல் எதுவும் இல்லை, ‘விரைவில்’ என்று மட்டும் இருந்தது. மூடிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இப்போது அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து அதன் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படிவத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். விசா தளத்தின் முகவரி, ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்ற ஒரு சொல், பக்கம் திறந்ததும் தானாகவே அனுப்பு என்று ஒரு வரி. இவ்வளவுதான். நான் எதையும் அமுக்க வேண்டியதே இல்லை. பக்கத்தைத் திறந்தாலே போதும்.

‘அவர்கள் அனுப்பினால் அது எப்படி உன் கணக்கில் சேரும்?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நீங்கள் வேலைக்குப் போகிற கட்டடங்களில் காலையில் ஒரு முறை பெயர் சொன்னால் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்கள் இல்லையா? அப்புறம் எந்தக் கதவிலும் கேள்வி கிடையாது. தளமும் அப்படித்தான். பாஸ்வேர்டு கொடுத்ததும் என் பிரவுசரிடம் ஒரு அட்டையைக் கொடுத்துவிடும், குக்கீ என்போம். அதன் பிறகு என் பிரவுசரிலிருந்து அந்தத் தளத்துக்கு எது போனாலும் பிரவுசர் தானே அந்த அட்டையையும் சேர்த்து அனுப்பும். அதைக் கிளப்பிவிட்டது நானா, வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கிறவனா என்று பிரவுசர் பார்ப்பதில்லை. தளம் அட்டையைப் பார்க்கிறது, ‘அட, இவள்தான்’ என்கிறது, முடித்துவிடுகிறது. அவன் என் பாஸ்வேர்டைத் திருடவில்லை. என் அட்டையைக்கூட அவன் பார்க்கவில்லை. கவுண்டர் அம்மா சொன்னது எல்லாமே சரி. என் கம்ப்யூட்டர்தான், என் வீடுதான். நான் மட்டும் இல்லை.

இதைத் தடுப்பது பெரிய வித்தையே இல்லை. தளம் தன் ஒவ்வொரு படிவத்திலும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணை வைத்துக் கொடுக்க வேண்டும். படிவம் திரும்பி வரும்போது அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே இருக்கிறவனால் அந்த எண்ணைப் படிக்க முடியாது, அதனால் அவன் போலியாகச் செய்த படிவத்தில் அது இருக்காது. குக்கீயிலேயே ‘வேறு தளம் கிளப்பியதோடு நீ போகாதே’ என்று குறித்து வைக்கலாம். இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பாஸ்வேர்டை இன்னொரு முறை கேட்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. குழுவில் இன்னொருவர் தன் திரும்பப் பெறும் பக்கத்தின் உள்ளடக்கத்தை எனக்கு அனுப்பினார். எண் இல்லை. குக்கீயில் கட்டுப்பாடு இல்லை. பாஸ்வேர்டும் கேட்பதில்லை. ஒரு குடும்பம் சேர்வதா பிரிவதா என்று தீர்மானிக்கிற பக்கம், ஒரு பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கிறது. நாங்கள் ஒரு செருப்புக் கடைக்குச் செய்து கொடுத்த தளத்தில்கூட இதெல்லாம் இருக்கிறது.

நான் மட்டும் இல்லை. குழுவில் ஒரு மருந்துக்கடைக்காரி இருக்கிறாள், அவள் கணவரும் நீங்கள் இருக்கும் ஊரில்தான். அவளுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. மற்றவர்கள் லிங்கைத் திறந்த நேரத்தில் கணக்கைத் திறந்து வைத்திருக்கவில்லை, பிழைத்தார்கள். யார் செய்தது என்று தெரியாது. ஏதோ ஒரு விசா ஏஜெண்ட் என்கிறார்கள். சும்மா வேடிக்கைக்காகச் செய்தவனாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் படமெடுத்து, விளக்கி, அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். திரும்பப் பெறும் அந்தக் கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று அவர்கள் சர்வரில் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரியின் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? இந்த விளக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாத அன்றே போனில், “நீ செய்யலைன்னா செய்யலை, அவ்வளவுதானே. நான் பேசிக்கிறேன்” என்றாராம். அவள் சொன்னபோது சிரித்துக்கொண்டே கேட்டேன். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டேன்.

சுண்டுவின் அம்மா

*

மார்ச் 29

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெல்டருக்கும் படித்துக் காட்டினேன். அவன், “ஆத்தாடி, உன் பொண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்” என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. இங்கே எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம், அதற்காக நன்றி.

எனக்குப் புரிந்தது என்ன தெரியுமா? இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று உனக்கு விலாவாரியாகத் தெரியும் என்பதுதான். ஒளித்து வைத்த படிவம், தானாகப் போகும் வரி. இதை நீயே ஒரு மத்தியானத்தில் செய்துவிட மாட்டாயா? செய்துவிட்டு, இதோ பார் கண்டுபிடித்தேன் என்று காட்ட மாட்டாயா? உன் தொழில் தெரியாதவளாக நீ இருந்திருந்தால், ‘என்னமோ ஆயிருச்சுங்க, தெரியலை’ என்று அழுதிருந்தால், நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன்.

மருந்துக்கடைக்காரியின் புருஷன் பெரிய மனுஷன். அவன் பெண்டாட்டி அவனிடம் “நான் வரலை” என்று சொல்லியிருக்க மாட்டாள்.

எண்ணையும் குக்கீயையும் விடு. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். உனக்கு இங்கே வர இஷ்டம் இருந்ததா? இருந்தது, இல்லை. இரண்டில் ஒன்று.

*

ஏப்ரல் 10

சுண்டுவின் அப்பாவுக்கு,

இரண்டில் ஒன்றாக என்னிடம் பதில் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன். இதை எழுதினால் என் கட்சி தோற்றுப்போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்தத் திரும்பப் பெறும் பக்கத்தை நான் பல தடவை திறந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் லீவு முடிந்து போன பிறகுதான். சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அங்கே வந்தால் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுவதும் நீங்கள் ஏதாவது கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பீர்கள், சுண்டு பள்ளிக்குப் போய்விடுவாள், நான் என்ன செய்வேன்? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? இங்கே மேஜையும் நாற்காலியும் எனக்கென்று இருக்கின்றன. ஒரு தளம் விழுந்துவிட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதைப் போனில் சொல்ல நான் முயன்றபோதெல்லாம் நீங்கள், “எல்லாம் வந்து பார்த்துக்கலாம்” என்றீர்கள். அதனால்தான் சமையலறையில் அப்படி வெடித்தேன்.

அன்று மத்தியானமும் அந்தப் பட்டனைப் பார்க்கத்தான் கணக்கைத் திறந்தேன். ஆமாம்.

பார்த்தேன். அமுக்கவில்லை. சுண்டுவின் சட்டை ஒன்று நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது, போன தடவை நீங்கள் வாங்கி வந்தது. வாங்கும்போதே பெரிதாக வாங்கியிருந்தீர்கள், வளர்ந்திருப்பாள் என்று நினைத்து. அதுவும் இப்போது குட்டையாகிவிட்டது. சரி, போய்விடலாம், போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம், ஒரே வீட்டிலாவது போடலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் பக்கத்து ஜன்னலில் அந்த லிங்கைத் திறந்தேன். அழைப்பு வந்தவர்களின் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. வர வேண்டாம் என்று நினைத்தவள் எதற்காக அந்தப் பட்டியலைத் திறக்கப் போகிறாள்?

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இனி விளக்கம் எழுத மாட்டேன். எழுத எழுத நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். நேற்று வேலையில் ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, நான்தான் அமுக்கினேனா என்று விரலைப் பார்த்துக்கொண்டேன்.

சுண்டுவின் அம்மா

*

மே 30

சுண்டுவின் அம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்று தெரிகிறது.

ஒரு பழைய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கோளாறு. யாரும் கூப்பிடாமலேயே மூன்றாவது மாடியில் போய் நிற்கிறது, கதவைத் திறந்து திறந்து மூடுகிறது. நான் போனபோது கட்டட மேலாளர் ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். வயதான அம்மா. மூன்றாவது மாடி அவர் பொறுப்பாம். “பட்டனை அமுக்கி விளையாடுறதுக்கா சம்பளம்?” என்கிறார் மேலாளர். “நான் அமுக்கலைங்க” என்கிறார் அந்த அம்மா. “அமுக்காமலா விளக்கு எரியுது? இந்தப் பக்கம் உன்னைத் தவிர வேற யாரு இருக்கா?” அந்த அம்மா வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, “நான் அமுக்கலைங்க” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் உடனே, “சார், அவங்க மேல தப்பு இருக்காது. ஒயர்ல தண்ணி இறங்கியிருக்கும்” என்றேன். பட்டன் பலகையைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை அப்போது. அந்த அம்மாவை எனக்கு முன்னே பின்னே தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நம்பினேன். கழற்றினேன், நான் சொன்னதுதான். எங்கேயோ கசிந்த தண்ணீர் இரண்டு ஒயரைச் சேர்த்து வைத்திருக்கிறது. மேலே இருந்து லிஃப்டை இயக்கும் பெட்டிக்கு, பட்டனை விரல் அமுக்கியதா, தண்ணீர் அமுக்கியதா என்று தெரியாது. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து மேலாளர், “என்னாச்சுப்பா, ஏதாவது பெரிய ரிப்பேரா?” என்று கத்துகிறார்.

முன்பின் தெரியாத ஒருத்தியை நம்ப எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. நீ பக்கம் பக்கமாக எழுதினாய்.

நான் நம்புகிறேன். நீ பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் நம்புகிறேன், அமுக்காததையும் நம்புகிறேன். அமுக்கியிருந்தால்கூட அதற்கு நான்தான் காரணம் என்று இப்போது புரிகிறது. ‘வந்து பார்த்துக்கலாம்’ என்று நான் சொன்னது நிஜம்தான்.

இன்னொன்று. வெல்டரின் தம்பியும் வரிசையில் இருக்கிறான். அவன் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். அந்தத் திரும்பப் பெறும் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது, போனுக்கு ஒரு எண் வருகிறது. உன் புகாரைப் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் உண்மை என்று அவர்களுக்கும் தெரியும். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போகிறேன். நான் சரிசெய்கிறேன். நீ கவலைப்படாதே.

*

ஜூன் 12

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அலுவலகத்தின் பதிலும் ஒரே நாளில் வந்தன. உங்களுடையதை முதலில் படித்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று சோறு இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறந்தேன்.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ‘தாங்கள் சுட்டிக்காட்டிய தொழில்நுட்பச் சாத்தியத்தை நாங்கள் உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்தக் கோரிக்கை எங்கிருந்து கிளம்பியது என்ற பதிவு பராமரிக்கப்படவில்லை. தளத்தின் வழக்கமான மேம்பாட்டுப் பணிகளுக்கும் தங்கள் புகாருக்கும் தொடர்பில்லை. எவ்வாறாயினும், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டால் ஆட்சேபம் உண்டா என்று குடும்பத்தை அழைப்பவரிடம் கேட்பது எங்கள் நடைமுறை. தங்கள் கணவர் நேரில் வந்து, ஆட்சேபம் இல்லை என்று எங்கள் அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டுள்ளார். எனவே கோப்பு இறுதியாக மூடப்பட்டது.’

மருந்துக்கடைக்காரியின் கணவர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பி உயிர்ப்பித்துவிட்டார்கள். அவளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அவர் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

கவுண்டரில் கேட்டுவிட்டு வந்ததாக எனக்கு எழுதினீர்கள். கையெழுத்துப் போட்டதை எழுதவில்லை. நான் கண்டுபிடித்ததையெல்லாம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அதைப் படித்துவிட்டு வெல்டரோடு நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். என்னைக் கேட்டு எழுதிய முதல் கடிதம் தபாலில் போகும் முன்பே கையெழுத்தைப் போட்டுவிட்டீர்களா?

*

ஜூன் 25

ஆமாம். முன்பே.

கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே பக்கத்தில் இருந்த தபால் நிலையத்தில் கவரும் தாளும் வாங்கி உனக்கு எழுதினேன். கையெழுத்துக்கு முன் கவுண்டர் அம்மா தாளை நீட்டி, “ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லலாம் சார். வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுக்கூட வரலாம், அவகாசம் இருக்கு” என்றார். “பேசுறதுக்கு என்ன மேடம் இருக்கு, அவளே வேண்டாம்னுட்டா” என்றேன். வீறாப்பு. ஒரு அந்நியப் பெண்மணி முன்னால் நான் கெஞ்சுகிறவனாகத் தெரியக் கூடாது என்று ஒரு வீறாப்பு.

திங்கட்கிழமை போனேன். அதே கவுண்டர், அதே அம்மா. அடையாளம் தெரிந்தது அவருக்கு. எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதத்தில் இருந்த அந்த அட்டைக் கதையைக்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இருக்கலாம் சார். அதுக்காகத்தான் உங்களைக் கேக்குறோம். வெப்சைட் தப்பு பண்ணும், மனுஷங்களும் தப்பு பண்ணுவாங்க, அதனாலதான் நேர்ல கூப்பிட்டுக் கேக்குறோம்” என்றார்.

“கோபத்துல போட்ட கையெழுத்துங்க.”

“அப்படி எழுத இந்த ஃபார்ம்ல இடம் இல்லை சார்.”

நல்ல மனுஷிதான். மேலதிகாரியிடம்கூட அழைத்துப் போனார். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுபடி கவுண்டருக்கு வந்தேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன்.

உன் பெயரில் எவனோ அனுப்பினான். என்னுடையதை நானே என் கையால் போட்டேன். பேனாகூட என்னுடையதுதான்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். இதே வேலை அங்கேயும் ஏதாவது கிடைக்கும். வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறேன்.

*

ஆகஸ்ட் 3

சுண்டுவின் அப்பாவுக்கு,

‘வாருங்கள்’ என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ‘வர வேண்டாம்’ என்றும் எழுத முடியவில்லை. அந்தச் சொல்லை இனி என் கையால் எழுதவே பயமாக இருக்கிறது. வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் ஏதாவது சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். இனி என்னை நம்பத்தான் பார்ப்பீர்கள், தெரியும். ஆனாலும் பார்ப்பீர்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் அப்படி ஒரு சோதனையில் தேறிக்கொண்டு வாழ என்னிடம் தெம்பு இல்லை. உங்களுக்கும் ஒவ்வொரு முறையும் குற்றவாளி போல உட்கார்ந்திருக்கத் தெம்பு இருக்காது. ஒப்பந்தத்தை முறிக்காதீர்கள்.

நேற்று மருந்துக்கடைக்காரி கிளம்பினாள். வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போயிருந்தேன், சுண்டுவையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே தளத்தில் ஒரே லிங்கால் விழுந்தவர்கள் என்பதால் அவளுக்கு என்னிடம் ஒரு ஒட்டுதல். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்களுக்கும் ஏதாவது வழி பிறக்கும்க்கா” என்றாள். நானும் தலையாட்டினேன். பெட்டிகளை அவள் எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மகளும் நம் சுண்டுவும் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் சுண்டுவிடம், “நீ எந்த பிளேன்ல வர்ற?” என்று கேட்டது.

“நாங்க வரலை. எங்கம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றாள் சுண்டு.

சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது போல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “யாரு சொன்னா உனக்கு?” “அப்பாதான். பாட்டி வீட்ல இருந்தப்ப போன்ல சொன்னாரு.” நீங்கள் அப்போது கோபத்தில் சொல்லியிருப்பீர்கள், சொன்னதே உங்களுக்கு மறந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவளோடு பேசியிருக்கிறீர்கள். அவளும் இத்தனை மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டே என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், தலை பின்னிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டிருக்கிறாள்.

“அம்மா அப்படிச் சொல்லலைடி. அது வேற யாரோ பண்ண வேலை” என்றேன். குக்கீயும் எண்ணும் இல்லாமல் அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. உங்களுக்கு அத்தனை பக்கம் எழுதியவள்தான் நான்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“சரிம்மா” என்றாள். “விடுங்க. எனக்கும் ஒண்ணும் அங்க போகணும்னு இல்லை.”

சுண்டுவின் அம்மா